எதிர்வீட்டுப் பெட்டியில் நான்கு பாகற்காய்

நாங்கள் குடியிருக்கும் தெப்ராவில் எதிர்வீட்டு அக்கா, பக்கத்து ஊரான கூலாய்ப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் பங்கு சேர்ந்திருந்தார். முன்கூட்டியே பணம் கட்டியவர்களுக்கு, விளைந்ததை வாரந்தோறும் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அவர் வாசலில் கீரையும் பயற்றங்காயும் வந்து இறங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நானும் சேர்ந்தேன்.

ஒரு வாரம் விடாத மழை. என் பெட்டியில் பாதிதான் இருந்தது. அக்காவின் பெட்டியிலோ கூடுதலாக நான்கு பாகற்காய். வயிறு எரிந்தது. தோட்டக்காரப் பெண்ணைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேவிட்டேன்.

"மழையில பந்தல் சாஞ்சிருச்சுக்கா. அவங்க வந்து எங்களோட சேந்து தூக்கிக் கட்டுனாங்க. அதான் குடுத்தேன். பங்கு சேந்தவங்க யாரும் வரலாம்லா, நீங்களும் வாங்க."

காயைவிட, அவர்களுக்குள் இருந்த அந்த ஒட்டுதல்தான் என்னை அதிகம் உறுத்தியது.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் காரிலேயே போனேன். இருவரும் வெண்டைப் பாத்தியில் களை பிடுங்கினோம். மழை அழித்திருந்த கீரைப் பாத்திகளைக் கண்ணால் பார்த்த பிறகு, பாதிப் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு வெட்கமாக இருந்தது.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், அக்காவைவிட ஒரு வரிசை அதிகமாகப் பிடுங்கியதைக் கணவரிடம் இரண்டு முறை சொன்னேன்.