இன்னாத்துக்கு அடிக்கிறே?

வீட்டில் எனக்கு எதிராக ஏதோ சதி நடக்கிறது என்ற சந்தேகம், ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில்தான் எனக்கு வந்தது. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று என் கையைத் தூக்கிப் பார்த்தாள். சட்டைக் கை மறைக்கிற இடத்தில் கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போன தடங்கள்.

"யாருடி?"

"விழுந்துட்டேன்."

"விழுந்தா இங்கயா அடிபடும்?"

சீயக்காய் கண்ணில் பட்டு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே ரூபியின் பேரைச் சொல்லிவிட்டேன்.

அப்போது நாங்கள் கடம்பத்தூரில் இருந்தோம். நைனாவுக்கு ரயில் பாதையைப் பழுதுபார்க்கிற கேங் வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரூபி பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தாள். எங்கள் கோயிலில் அவள் குடும்பம் முன்வரிசை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண்ணை மூடிக் கை கூப்பி நிற்கும்போது அவளைப் பார்த்தால் தேவதூதன் தோற்றுப்போவான். திங்கட்கிழமை அதே கைதான் என்னைக் கிள்ளும். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததுமே மற்றப் பெண்களிடம், "ஊசிப்போன கஞ்சி வருது, மூக்கைப் பொத்துங்கடி!" என்பாள். எல்லாரும் பொத்திக்கொள்வார்கள்.

கிள்ளினதை அம்மாவிடம் சொன்னேனே தவிர, இந்தப் பட்டப்பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டுக்குள்ளும் வந்து என்மேல் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

அன்று சாயங்கால ஜெபத்தில் நைனா ரூபிக்காக வேண்டிக்கொண்டார். அதுவும் எனக்கு முன்னால் அவளுக்கு. அவளுக்கு நல்ல மனசு கொடும், நல்ல சுகம் கொடும் என்று அவர் உருகுவதை நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் யார் பக்கம்?

"நீயும் அவளுக்காக ஜெபம் பண்ணு கண்ணு" என்றார்.

பண்ணினேன். என்ன கேட்டேன் என்பது ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஜெபம் பண்ணட்டும், வாயையும் தொறக்கட்டும்" என்றாள் அம்மா.

நைனா தயங்கினார். "மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்குதே."

"சொன்னவரு இன்னா பண்ணாரு? விசாரணையில ஒரு சேவகன் அறைஞ்சப்போ சும்மா இருந்தாரா? இன்னாத்துக்கு என்னை அடிக்கிறேன்னு கேட்டாரு. திருப்பி அடிக்கல. ஆனா கேட்டாரு இல்ல?"

நைனா விளக்கைத் தூண்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து அம்மா எனக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். அடுப்பங்கரைதான் பள்ளிக்கூடம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான்தான் ரூபி. நீ வாசப்படியில வந்துக்கினு இருக்கே. நான் அடிச்சா, என் கண்ணைப் பார்த்து, எல்லார் காதுலயும் விழற மாதிரி கேக்கணும். கேட்டும் அடிச்சா நேரா டீச்சர்கிட்ட போ. அது கோள் சொல்றது இல்ல" என்றாள்.

நான் வாசற்படியில் வருவதுபோல் வந்தேன். அம்மா உதட்டைச் சுழித்தாள். குரலே மாறிப்போயிற்று.

"ஊசிப்போன கஞ்சி வருது, மூக்கைப் பொத்துங்கடி!"

நான் சொல்லாத வார்த்தை. அதே இழுப்பு, அதே ராகம். கேட்க வேண்டிய கேள்வியையே மறந்துவிட்டேன்.

யார் சொல்லியிருப்பார்கள்? தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் கேட்டிருப்பாள். எல்லாம் அறிந்த ஆண்டவரே அம்மாவிடம் சொல்லிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அதற்குப் பிறகு அவரிடமும் சில விஷயங்களை மறைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் சந்தேகத்துக்குச் சாட்சியே கிடைத்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அம்மா ரூபியின் அம்மாவோடு நின்றிருந்தாள். ரூபியின் அம்மா பெரிய உருவம், பெரிய குரல். அவள் பாடினால் கோயில் ஓடு அதிரும். அன்று அவள் வாயே திறக்கவில்லை. அம்மாதான் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரூபியின் அம்மா தலையைக் குனிந்து கேட்டாள். கடைசியில் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சரிதான், ரெண்டு பேரும் கூட்டு என்று முடிவு பண்ணிவிட்டேன். அந்தப் பேர் வீடு வந்து சேர்ந்த வழி இதுதான்.

"ரூபி அம்மாகிட்ட இன்னா பேசிக்கினு இருந்தே?" என்று வழியில் கேட்டேன்.

"பழைய கதை."

"இன்னா பழைய கதை?"

"உனக்கு இன்னாத்துக்கு? காலைப் பார்த்து நட, முள்ளு."

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ரூபி நின்றிருந்தாள். அன்று மூக்கைப் பொத்தச் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நான் ஒதுங்கிப் போகப் போனேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"எங்கம்மாகிட்ட உங்கம்மா இன்னாடி சொல்லிச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? திரும்பினேன். அவள் கண்ணைப் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு என்னை அடிக்கிறே?"

அவ்வளவு பெரிய குரல் என்னிடம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. பாண்டி ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ரூபி கையை ஓங்கினாள். நான் மறுபடியும் கேட்டேன். வராந்தாவிலிருந்து டீச்சர் இறங்கி வந்தாள்.

"கேக்கிறா இல்ல, பதில் சொல்லு ரூபி. எதுக்கு அடிச்சே?"

ரூபி என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. பதில் தேடுகிறாள், கிடைக்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை.

ரூபி அதற்குப் பிறகு எனக்குச் சிநேகிதி ஆகிவிடவில்லை. ஆனால் கிள்ளுவது நின்றது. அந்தப் பேரும் நின்றது.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு, ரூபியின் அம்மா இறந்துபோனாள். சாவு வீட்டில் அம்மா சவப்பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். என் காதோடு பெரியம்மா சொன்னாள்:

"பாரு, இவளுக்குப் போயி அழறா. போர்டிங் ஸ்கூல்ல உங்கம்மாவை இவ பேர் சொல்லியே கூப்ட்டதில்ல. ஊசிப்போன கஞ்சின்னுதான் கூப்டுவா. படிச்சு முடிக்கிற வரைக்கும். உங்கம்மா ஒரு நாளும் ஏன்னு கேக்கல."

ரூபியிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று, பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு ஓடிவந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"எப்டிக் கேட்டே? சொல்லு."

சொன்னேன்.

"அவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பதிலே வரல அவளுக்கு."

"மொதல்லேர்ந்து சொல்லு."

மறுபடியும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலை கொதித்துப் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நைனா வேலை முடிந்து வந்ததும் அவர் முன்னாலும் சொல்லச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் குளிக்கப் போன பிறகு, மெதுவாக, "இன்னொரு வாட்டி சொல்லேன்" என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை தடவை கேட்கிறாளே, நான் பொய் சொல்கிறேன் என்றுதானே நினைக்கிறாள்? எங்கேயாவது மாற்றிச் சொன்னால் பிடித்துவிடலாம் என்று பார்க்கிறாள். ஒரு வார்த்தைகூட மாறாமல் ஜாக்கிரதையாகத் திரும்பவும் சொன்னேன்.