கழித்தால் சைபர் வந்த யுரேனிய மண்

1. இரண்டு டப்பா

கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குப் புதிய காமா ஸ்பெக்ட்ரோமீற்றர் வந்த வருடம். மண்ணில் உள்ள கதிரியக்கத்தை வகை பிரித்துக் காட்டும் கருவி அது. அதைத் தொடும் ஒவ்வொரு காலையும் எனக்குத் தீபாவளிதான்.

வெள்ளவத்தைக்காரரான கஜன் ஆபிரிக்காவில் ஒரு யுரேனியச் சுரங்கத்தில் எஞ்சினியர். லீவில் வந்தபோது அனுமதியோடு இரண்டு பை மண் கொண்டுவந்திருந்தார். ஒன்று, அவருடைய குவாட்டர்ஸ் முற்றத்து மண். மற்றது 'பேக்ரவுண்ட்', அதாவது ஒப்பிடுவதற்கான சுத்தமான மண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், சுரங்கத்தால் வந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மனைவி நிரோஷாவையும் நாலு வயது மகளையும் அங்கே கூட்டிப்போக டிக்கெட் எடுத்தாயிற்று. நிரோஷாதான் பிடிவாதமாக, "மண்ணைப் பாத்திட்டுத்தான் ஏறுவன்" என்றிருந்தார்.

மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு உள்ளேயே நிலைப்படும்படி டப்பாக்களில் காற்றுப்புகாமல் அடைத்து மூன்று வாரம் வைத்தபின் அளந்தேன். முடிவு கேட்க இருவரும் வந்தார்கள்.

"வித்தியாசம் சைபர்," என்றேன்.

கஜன் துள்ளினார். "சொன்னனான்தானே! இவ என்னை நம்பாம மெஷினைத்தான் நம்புவா."

"மெஷின் பொய் சொல்லாதப்பா," என்றார் நிரோஷா.

2. திரையில் எழுந்த உச்சி

நான் சிரிக்கவில்லை. கருவியைச் சோதிக்க முந்திய வாரம் கொட்டாஞ்சேனை மண்ணை ஓட்டியிருந்தேன். அதில் பிஸ்மத் உச்சி ஒரு சின்ன மேடு. யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உண்டாகும் பிஸ்மத்தைக் காட்டும் கோடு அது. இந்த இரண்டு டப்பாவிலுமோ அது திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே உயரம்!

"தம்பி, சுத்தமான மண்ணை எங்க எடுத்தனீங்கள்?"

"கிளப் ஹவுஸ் தோட்டத்தில, அண்ணை. மைனிலயிருந்து நல்ல தூரம்."

"அந்தத் தோட்டத்தை எதால நிரப்பினவை?"

கஜனின் முகம் மாறியது. "மைனில மிஞ்சின எங்கட வேஸ்ட் கல்லால. குவாட்டர்ஸ் முத்தத்துக்கும் அதே கல்தான். நான்தான் லொறி அனுப்பினனான்."

அழுக்கிலிருந்து அழுக்கைக் கழித்திருக்கிறோம்.

"உங்கட லொறி வேற எங்க போனது?" என்று கேட்டார் நிரோஷா.

"ஊர்ச்சனத்துக்கு. வீட்டுத் தரைக்குப் போடச் சும்மா குடுத்தம். கொம்பனிக்கும் நல்ல பேர்..."

"இப்பவும் போகுதோ?"

"ஓம்."

"அப்ப என்னப்பா நிண்டு கதைக்கிறியள்? போனை எடுங்கோ! எங்கட பிள்ளை போகாமல் விடலாம். அங்க இருக்கிற பிள்ளையள் எங்க போகும்?"

பரிசோதனைக்கூட வாசலில் நின்றபடியே கஜன் சுரங்க சைட்டுக்குப் போனில் கத்தினார். அன்றைய லொறிகள் கேற்றிலேயே நின்றன.

3. திரும்பி வந்த கல்

கஜன் தனியாகவே போனார். முதலில் கிளப் தோட்டத்தைத் தோண்டச் சொன்னதாம் நிர்வாகம். சண்டை பிடித்து, ஊர்வீடுகளின் தரையில் போட்ட கல்லை முதலில் ஏற்றிவர லொறிகளைத் திருப்பினார். அடுத்த லீவில் வந்தபோது, அந்தக் கல்லைத் தோண்டி அகற்றிய ஒரு வீட்டில் மிஞ்சிய மண் எங்கள் மேசைக்கு வந்தது. இந்த முறை ஒப்பிட்ட மண், சுரங்கக் கல் போகாத வேறொரு ஆற்றுப்பக்கத்தில் எடுத்தது. அளவு முடிய, ஆற்று மண்ணைப் போலவே வீட்டு மண்ணுக்கும் திரையில் ஒரு சின்ன மேடுதான். நான் சந்தோஷத்தில் சத்தம் போட்டே விட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று: சைபர் வந்தால் சந்தோஷப்படுமுன், எதைக் கழித்தீர்கள் என்று கேளுங்கள். சரியாக வந்த அந்தச் சின்ன மேடும் ஒரு வீட்டுக்கு மட்டும்தான். இன்னும் தோண்டி முடியாத மற்ற வீடுகளில் பிள்ளைகள் அந்தக் கல்லின் மேல்தான் படுக்கிறார்கள்.