லூபாவால் நின்றுபோன மிளகு

தொண்டை கட்டிவிட்டது. சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் குடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. கத்தினதால் வந்தது. போன வாரம் ஒரு நாள் பூராவும் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கத்தினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிவிட்டால் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். வீட்டுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் காபியே குடித்து முடித்திருப்பார்கள். அப்படிப்பட்டவனைக் கத்த வைத்தது ஒரு ஆமை மூஞ்சிக்காரன். அதுவும் சினிமாவில் வருகிறவன்!

'நிலாப்படை' படங்களைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஜோரன் என்று ஒரு வீரன். கிரகம் கிரகமாகப் போய்க் கெட்டவர்களோடு சண்டை போடுவான். அவனுடைய ஆகாயக் கப்பலுக்கு மெக்கானிக், லூபா. ஆமை மாதிரி முகம், முதுகில் ஓடு, கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர். வெளிநாட்டுப் படம்தான். ஆனால் முதல் பாகத்தைத் தமிழில் டப்பிங் செய்த புண்ணியவான் யாரோ, லூபாவை எங்கள் பக்கத்துத் தமிழ் பேச வைத்துவிட்டார். ஆகாயத்தில் கப்பல் தீப்பிடித்து எரியும்போது, "ஏனுங்க ஜோரா, நீங்க மேல போங்க, கீழ நான் பாத்துக்கறேனுங்க" என்பான்.

அவ்வளவுதான். சேர்வராயன் மலையே அவனுக்கு அடிமையாகிவிட்டது.

நாகலூர்ப் பக்கம் ஓடுகிற ஒரு ஜீப்பில் 'லூபா துணை' என்று எழுதியிருக்கும். வெள்ளக்கடையில் ஒரு கிடாய்க்கு லூபா என்று பெயர். மூன்று பாகம் வந்து போன பிறகும் பாசம் குறையவில்லை. நாலாம் பாகம் வருகிறது என்றதும் காபித் தோட்டத்தில் களை வெட்டுகிறவர்கள்கூட நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

படம் வந்தது. நானும், என் தோட்டத்தில் மிளகு பறிக்க வரும் கோவிந்தனும் பஸ் ஏறி சேலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அருமையான படம். பேப்பரில் இதே பகுதியில்தான் அதைப் பற்றி எழுதினேன், ஞாபகம் இருக்கலாம். 'நட்பு என்றால் இதுவல்லவா நட்பு' என்று முடித்திருந்தேன்.

பிறகுதான் போன்கள் வரத் தொடங்கின.

சேலத்திலிருந்து ஒரு வாசகர், நான் படத்தைப் பார்த்தேனா இல்லை போஸ்டரைப் பார்த்தேனா என்று மரியாதையாகக் கேட்டார். இன்னொருவர் மரியாதை இல்லாமல் கேட்டார். ஒரு அம்மா அழுதே விட்டார். 'அவன் செஞ்ச காரியத்தை நட்புன்னு எழுத உங்களுக்கு எப்படி சார் மனசு வந்தது?' என்றார். எந்தக் காரியம்? யார் செய்தது? கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்? 'சரிங்க, சரிங்க' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மலையிலும் அதே கதைதான். பாதிப் பேருக்குப் படம் பிடித்திருந்தது. பாதிப் பேர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பில் 'லூபா' என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டார் டிரைவர். 'துணை' மட்டும் தனியாக நிற்கிறது. கிடாய்க்குப் பெயர் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லையாம். நாகலூர் டீக்கடையில் நாள் பூராவும் சண்டை. ஆனால் சண்டையிலும் ஒரு நாகரிகம் – இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்று முடிவை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அவன் பண்ணுனது', 'அந்த வேலை', 'அந்தக் கடைசி' என்று ஜாடையிலேயே அடித்துக்கொண்டார்கள்.

அடித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன். என் மிளகில் வந்து கை வைக்கும் வரை.

எனக்கு இருப்பது சின்னத் தோட்டம். இந்த வருஷம் காபி காலை வாரிவிட்டது, ஆரஞ்சு கேட்கவே வேண்டாம். மிளகு ஒன்றுதான் கொடி கொள்ளாமல் காய்த்திருந்தது. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்துவிட்டால் உடனே பறித்தாக வேண்டும். விட்டால் பாதியைக் குருவி தின்னும், மீதி தானாக உதிர்ந்து சருகுக்குள் போய்விடும். எனக்குச் சிவக்க ஆரம்பித்துவிட்டது.

மிளகு பறிப்பது ஜோடி வேலை. மிளகுக் கொடி படர்ந்திருக்கிற, பனைமரத்தை விட உயரமான சில்வர் ஓக்கில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஒருவர் ஏறுவார். ஒருவர் கீழே ஏணியைப் பிடிப்பார். பிடிப்பவர் சும்மா நிற்பதில்லை. மேலே இருப்பவருக்குக் கண் முன்னால் இருக்கிற இலைதான் தெரியும். எந்தப் பக்கம் சரம் இருக்கிறது, ஏணி எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதெல்லாம் கீழே இருப்பவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் ஏறுகிறவர் மரத்தோடு சேர்த்துக் கயிறு கட்டிக்கொள்ள மாட்டார். கட்டினால், கீழே நிற்பவர் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். முகத்தில் அடித்த மாதிரி.

என் தோட்டத்துக்கு வருஷா வருஷம் வரும் ஜோடி, ஆரோக்கியமும் கோவிந்தனும். ஆரோக்கியம் இளவட்டம், ஏறுவான். கோவிந்தன் என் வயசு, பிடிப்பார். அண்ணா, தம்பி என்று இழைந்துகொண்டு, காலையில் ஆரம்பித்தால் பேச்சு ஓயாது. மலையில் இப்படி ஒரு ஜோடி கிடையாது.

அன்றைக்குக் காலையில் ஆரோக்கியம் வந்தான். தோளில் புதுக் கயிறு. ஒன்றும் பேசாமல் ஏறினான். மேலே போனதும் மரத்தையும் இடுப்பையும் சேர்த்து ஒரு சுற்று, இரண்டு சுற்று... இறுக்கி முடிச்சுப் போட்டான்.

கோவிந்தன் அதை அண்ணாந்து பார்த்தார். முகம் செத்துப்போனது. ஏணியை விடவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டார்.

காலைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஒரு மரம்கூட முடியவில்லை. ஆரோக்கியம் இலையாகத் தடவிக்கொண்டிருந்தான். சரமெல்லாம் அவன் முதுகுப் பக்கம் தொங்கியது. கோவிந்தன் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்லவில்லை. என் காலடியில் சிவந்த மிளகு பொட்டுப் பொட்டாக விழுந்தது. வேறு ஜோடி தேடலாமா? சீசன் நேரத்தில் மாப்பிள்ளை கிடைத்தாலும் மிளகு பறிக்க ஆள் கிடைக்காது.

என்னதான் பிரச்சினை என்று மெதுவாகக் கோவிந்தனைக் கேட்டேன். அவர் ஏணியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எனக்குத் தெரியலீங்க. படம் பாத்துட்டு வந்து டீக்கடையில நல்லாருக்குதுன்னு சொன்னனுங்க. லூபா பண்ணுனதுதான் சரி, அந்த எடத்துல நானா இருந்தாலும் அதையேதான் பண்ணியிருப்பேன்னு சொன்னனுங்க. அன்னைக்கு மூஞ்சியத் திருப்புனவந்தான்."

அதில் என்ன தப்பு? எனக்கும் அதே கருத்துத்தானே!

ஆக, வேறு வழியில்லாமல் நடுவில் நான் நின்றேன். மேலே இருப்பவன் கீழே இருப்பவரிடம் பேச மாட்டான். கீழே இருப்பவர் மேலே பார்க்க மாட்டார். இரண்டு பேரும் என்னிடம் பேசுவார்கள். "வலது கைப்பக்கம் மூணு சரம் இருக்குதுன்னு சொல்லுங்க" என்று கோவிந்தன் முணுமுணுப்பார். நான் அண்ணாந்து, "வலது கைப்பக்கம்ம்ம்..." என்று கத்துவேன். "ஏணி ஆடுது, புடிக்கறவரு தூங்கறாரான்னு கேளுங்கண்ணா" என்று மேலே இருந்து வரும். பக்கத்திலேயே நிற்கிறார், அவர் காதிலும் விழுந்திருக்கும். இருந்தாலும் முறைப்படி திரும்பி அவரிடம் சொல்ல வேண்டும். பிடிக்கிறவர் தூங்கவில்லை, கயிறு கட்டுகிறவனுக்கு ஏணி எதற்கு என்று பதில் வரும். அதையும் கத்தணும்.

இப்படியே மூன்று மரம். காபி கொண்டுவந்த என் மனைவி சரசு கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் குரலை இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போசியை வைத்துவிட்டுப் போனாள். உதவிக்கு நிற்கவில்லை.

நாலாவது மரத்தில் ஆரோக்கியம் கையை நிறுத்தினான். கயிற்றில் சாய்ந்துகொண்டு, பாதி ஆகாயத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, அவர ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளுங்க. கோட்டை உச்சியில ஜோரனத் தொங்க உட்டுட்டு லூபா கப்பல எடுத்துட்டு ஓடிப்போனது சரின்னா, இந்த மரத்துல நான் தொங்கறப்ப இவரும் அதத்தான செய்வாரு?"

நான் கோவிந்தன் பக்கம் திரும்பினேன். 'ஜோரனை...' என்று ஆரம்பித்தேன். என்னது, ஓடிப்போனானா? லூபாவா?

கோவிந்தன் காலையிலிருந்து முதல் முறையாக மேலே பார்த்தார்.

"யாரு தம்பி ஓடிப்போனது?"

"லூபாதாண்ணா. கப்பல ஸ்டார்ட் பண்ணி, திரும்பிக்கூடப் பாக்காம எதிரிப் பக்கம் போயிட்டான். ஜோரன் அங்கியே தொங்கிக்கிட்டு, லூபா லூபான்னு கத்தறான். அப்பிடியே படத்த முடிச்சுட்டாங்க. நீங்க பாக்கலீங்களா?"

"பாத்தமே. லூபா கப்பல ஸ்டார்ட் பண்ணுனான். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்துட்டோம்."

இந்த இடத்தில் மலைக்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சேலத்தில் படம் எப்போது முடிகிறது என்பதைப் படம் எடுத்தவர் முடிவு செய்வதில்லை. நாகலூர் பஸ் முடிவு செய்கிறது. கடைசிச் சண்டை தொடங்கும், நாங்கள் செருப்பைத் தேடுவோம். வாழ்நாள் பூராவும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். அதைப் பாதியில் எழுந்து வந்ததாக நாங்கள் நினைப்பதே இல்லை. பஸ் நேரம் வரை பார்த்தால் முழுப் படம் பார்த்த கணக்கு. மீதியில் என்ன இருக்கப் போகிறது? நல்லவன் ஜெயிப்பான். லூபா கப்பலை ஸ்டார்ட் செய்கிறான் என்றால் நேரே போய் ஜோரனை ஏற்றிக்கொண்டு வரத்தானே? வேறெதற்கு ஒருத்தன் வண்டியை ஸ்டார்ட் செய்வான்?

ஆரோக்கியம் புதுசாக பைக் வாங்கியவன். பெண்டாட்டியோடு போய்க் கடைசி வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இப்போது யோசித்தால், மலையில் படம் பிடித்துப்போனவர்களெல்லாம் பஸ்ஸில் போனவர்கள். கொதிக்கிறவர்களெல்லாம் பைக்கில் போனவர்கள். இவ்வளவு பெரிய ரசனை வித்தியாசத்துக்குக் காரணம் போக்குவரத்து!

விஷயம் கோவிந்தன் மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கியது.

"அடப்பாவி, லூபாவா?" என்று இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

இரண்டு கையையும்.

ஏணி மெதுவாக இடது பக்கம் கிளம்பியது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் – என் பாய்ச்சலும் என் குரல் மாதிரிதான் – காபிச் செடிமேல் போய்ச் சாய்ந்தது. ஆரோக்கியம் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கயிற்றில் தொங்கினான். கால் இரண்டும் காற்றில் ஏணியைத் தேடின.

"ஏணிண்ணா, ஏணி" என்றான். என்னைத் தூது அனுப்பவில்லை. நேராகவே சொன்னான்.

கோவிந்தன் ஏணியைத் தூக்கிச் சாத்திய வேகத்தைப் பார்த்தால் அவருக்கு இருபது வயது என்பீர்கள். நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் ஓடமாட்டன் சாமி. காலை வெய்யி. நான் ஓடறவனில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆரோக்கியத்துக்காகவா லூபாவுக்காகவா என்று கேட்கவில்லை.

ஆரோக்கியம் காலை ஊன்றினான். மூச்சு வாங்கினான். பிறகு அவன் செய்த காரியம் இருக்கிறதே – முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கீழே வீசினான். இப்போதுதானே அந்தக் கயிறு உன் உயிரைக் காப்பாற்றியது, இருக்கட்டுமே அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காலையிலிருந்து ஊர்ச் சண்டைக்கே செலவாகிவிட்டது.

அதற்குப் பிறகு என்னை யாரும் சீண்டவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்தவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் குலத்தை, அவன் கேமராவை, அவன் குடித்த காபியை என்று ஒன்றையும் விடவில்லை. திட்டுக்கு நடுநடுவே "இடது கை, மேல, இன்னும் மேல" என்று சரம் காட்டினார் கோவிந்தன். கோபத்தில் மனுஷனுக்கு இவ்வளவு வேகம் வருமா? எப்போதும் ஆகிற நாளை விடச் சீக்கிரமாகவே என் தோட்டம் முடிந்தது. மிளகு இப்போது வாசலில் காய்கிறது.

சரசுவிடம் நடந்ததைச் சொன்னேன். சொன்னேன் என்றால் – ஜாடையும் காற்றுமாக. அவள் கேட்டுவிட்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுனத மட்டும் பாத்துட்டு வந்துதான் பேப்பர்ல எழுதிப்போட்டீங்களா?" என்றாள். போன் செய்த வாசகர்கள் எல்லோருடைய கேள்வியையும் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். அந்த அழுத அம்மாவுக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதினது பஸ் நேரம் வரைக்குமான படத்தைப் பற்றி. அதுவரைக்கும் அது நட்புத்தான் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியத்தின் பைக்கில் இரண்டு பேரும் மறுபடியும் சேலம் போனார்கள். எதற்கு? அந்தக் கடைசிக் காட்சியைக் கோவிந்தன் தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் திட்ட வேண்டுமாம். அடுத்தவன் சொல்லக் கேட்டுத் திட்டினால் திருப்தியில்லையாம். திரும்பி வந்தவர்கள் இன்னும் ஒரு தடவை போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதோ ஒரு இடத்தில் சரியாகத் திட்டவில்லை என்று. என்னையும் கூப்பிட்டார்கள். தலையாட்டி மறுத்துவிட்டேன்.

பிடித்தவனுக்கு முக்கால் படமே போதும். பிடிக்காதவர்களுக்குத்தான் மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கிறது!