தங்கவேலின் இடது தோள்

சுவரில் ஒட்டியிருந்த கல்யாண வாழ்த்துப் போஸ்டரின் மேல் தங்கவேலின் இடது கை விரல்கள் ஊர்ந்து ஏறின. மாப்பிள்ளையின் முகவாயைத் தாண்டி, மீசையைத் தாண்டி, மூக்கருகே வந்ததும் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு விரல்கள் வந்த வழியே இறங்கின.

"இன்னா நைனா, காலங்காத்தால செவுத்துல பல்லி புடிக்கிறியா?" என்றார் மயிலாப்பூர் ஸ்டாண்டில் அவரோடு ஆட்டோ ஓட்டும் ஹனீஃபா.

"நேத்து மீசையாண்ட நின்னுச்சி. இன்னிக்கி மூக்காண்ட ஏறிக்கினு கீது. நீ உன் சவாரியப் பாரு."

தங்கவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ரிவர்ஸ் எடுக்காமல் வெளியே வந்துவிடுவதில் அவருக்குத் தனிப் பெருமை. அப்படிப்பட்டவருக்குப் போன மழைக்காலத்தில் தோள் இறுகிக்கொண்டது. வலிக்கிறதே என்று கையை மார்போடு அணைத்து, அசைக்காமல் பொத்திப் பொத்தி வைத்தார். கை இன்னும் இறுகியது. கிளட்ச் பிடிக்க முடியவில்லை. வண்டி வாசலிலேயே நின்றது. சட்டை மாட்டிவிட மனைவி புஷ்பம் வரவேண்டியதாயிற்று.

அபிராமபுரத்தில் பிசியோதெரபி பார்க்கும் சரண்யா, அவர் வண்டியில் பல வருடமாகப் போய்வருபவர். விஷயம் தெரிந்ததும் அவரே கூப்பிட்டுத் தோளைப் பார்த்தார்.

"வயசான வண்டிம்மா. ஓரங்கட்ட வேண்டியதுதான்" என்றார் தங்கவேல்.

"வண்டி தானா சரியாகாதுண்ணா, உடம்பு சரியாகும். இந்த வயசுல மெதுவாத்தான் ஆகும். ஆனா தினம் கொஞ்சம் வேலை குடுத்தாத்தான் ஆகும்."

சரண்யா சொல்லிக்கொடுத்தபடி தினம் ஸ்டாண்டுக்கு நடந்துபோய்ச் சுவரில் விரல்களை ஏற்றினார். முதல் வாரமே மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தொட்டுவிட அவசரப்பட்டார். வலியில் இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று. அதன்பிறகுதான் அவசரம் அடங்கியது. தோள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க, வண்டியும் ஸ்டாண்டுக்குத் திரும்பியது. புதுப் போஸ்டர் ஒட்ட ஆள் வந்தால் மட்டும் சண்டைக்குப் போவார். "மாப்ளைய மறைக்காதபா. அந்தாண்ட தள்ளி ஒட்டு."

விரல்கள் ஒருவழியாகத் தலைப்பாகையைத் தொட்ட வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புஷ்பத்தோடு பட்டினப்பாக்கம் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வியர்வையில் முதுகு அரித்தது. அவர் நெளிவதைப் பார்த்துப் புஷ்பம் கையை நீட்டினாள்.

"இரு, நான் சொறிஞ்சி உடறேன்."

"வோணாம்."

இடது கையை மெல்லத் தூக்கி, தோளுக்கு மேலாகப் பின்னால் வளைத்தார். விரல்கள் நடுமுதுகைத் தொட்டன. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல், சொறிந்துகொண்டே இருந்தார்.