நான் மாட்டிய கூலர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாண்ட்ரியலுக்கு வடக்கே லவாலில் நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. நான் சென்னைக்காரன், மெக்கானிக்கல் இன்ஜினியர். இரண்டு வீடு தள்ளி யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிக்கப் ட்ரக்கின் முன்னால் பெரிய தகடு பொருத்தி, வீட்டு வாசல்களில் பனி தள்ளிக் கொடுப்பது அவருடைய குளிர்காலத் தொழில். வாரம் மூன்று நாள் அவர் மனைவியை டயாலிசிஸுக்கு மாண்ட்ரியல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அதே வண்டியில்தான்.

முன்னும் பின்னுமாக ஓட்டிப் பனி தள்ளும்போது கியர்பாக்ஸ் சூடாகிறது என்று அந்தக் கோடையில் என்னிடம் சொன்னார். கராஜுக்கெல்லாம் போக வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றேன். ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், கிடைத்ததிலேயே பெரியதாக வாங்கி, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து மாட்டினேன். அதுவரை கியர் ஆயில் ரேடியேட்டர் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, ஆயில் நேராகப் புதுக் கூலருக்கே போகும்படி செய்தேன்.

பக்கத்தில் நின்றவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, மைனஸ் முப்பதிலை இது பிரச்சினை தராதோ?"

"குளிர்ல கூலர் இன்னும் நல்லாத்தானே வேலை செய்யும், அண்ணா?" என்று சிரித்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் அவர் சொன்ன அந்தக் குளிர் வந்தது. காலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டார். எஞ்சின் ஓடுகிறது, ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் வண்டி நகரவில்லை. அன்று ஊர் முழுக்க வண்டிகள் மக்கர் செய்ததால், இழுத்துப்போகும் லாரி வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. டயாலிசிஸ் முறை தவறி, மறுநாள்தான் இடம் கிடைத்தது. அதுவரை அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல், விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

இரண்டு நாள் கழித்து, வண்டியை விட்டிருந்த லாசால் பகுதித் தமிழர் கராஜுக்கு நானும் அண்ணாவுடன் போனேன். அவர் போன் பேச வெளியே போயிருந்த நேரம், மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ரேடியேட்டர் சூட்டிலைதான் அண்ணை குளிருக்கு ஒயில் இளகிறது. அதைக் கழட்டிப்போட்டு இவ்வளவு பெரிய கூலர். குளிரிலை அடைச்சு, சூட்டிலை திறக்கிற வால்வும் இல்லை. ஒயில் தடிச்சு கூலருக்குள்ளை நிண்டிட்டுது. கியர்பாக்ஸ் ஒயில் இல்லாமல் ஓடித் தேஞ்சு போச்சு. ஆர் பூட்டினது?"

அதற்குள் அண்ணா திரும்பி வந்து, "பழைய வாகனம்தானே, நான்தான் ஒழுங்காப் பாக்கேல்லை" என்றார். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைக்க ஆரம்பித்தார். எவ்வளவு சுலபமாகத் தப்பித்திருக்கலாம்! உண்மையைச் சொல்லப்போனால், சில நொடிகள் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். வண்டி பழசு என்பதல்ல காரணம், நான் செய்த வேலைதான் என்று. அவர் கத்தவில்லை. "இதை அவவுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா சோபாவில் போர்வைக்குள் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டே முழுவதும் சொன்னேன்.

"எனக்குக் கோவம் இல்லையெண்டு சொல்ல மாட்டன்" என்றார் அவர். "ஆனா பாலத்திலை நிண்ட நேரம் முழுக்க இவர் தன்னைத்தானே ஏசிக்கொண்டிருந்தவர். என்னாலை இவவுக்கு இப்பிடி ஆச்சே எண்டு. பிறகும் இவருக்குச் சரியா நித்திரை இல்லை. நீங்கள் வந்து சொன்னது நல்லது."

வண்டி தயாராக மூன்று வாரமானது. அதுவரை என் காரில்தான் அந்த அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். முதல் நாலைந்து நாள் பின்சீட்டிலிருந்து ஒரு பேச்சும் வராது. பிறகு ஒருநாள் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மெக்கானிக் ஆயிலை மறுபடி ரேடியேட்டர் வழியாகவே விட்டு, அளவான கூலரும் வால்வும் போட்டார். பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது நான்.

இப்போது யாராவது என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டால், உடனே சிரிப்பதில்லை. ஆனால் இன்றும் என் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கூலர் அல்ல. கராஜில் தப்பிக்க நினைத்த அந்தச் சில நொடிகள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால், என் தவறுக்காக அந்த மனிதர் காலமெல்லாம் தன்னையே நொந்துகொண்டிருந்திருப்பார்.