கண்ணகையும் பொற்றாசியம் போத்தலும்

செட்டிபாளையத்துக் கண்ணகைக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். புருசன் வாவியிலிருந்து நேரத்தோடு வந்தால், வலையை எங்கே தொலைத்தானோ என்று யோசிப்பாள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக உதவியாளர் வேலை. அங்கே அவள் முழுதாக நம்பியது, மண்ணெண்ணெய்க்குள் கிடக்கும் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் மட்டும்தான். கத்தியால் லேசாக வெட்டலாம். தண்ணீரில் சோடியம் ஒரு துண்டு விழுந்தால் சீறிக்கொண்டு ஓடும். பொற்றாசியம் என்றால் ஊதா நிறத்தில் பற்றியே எரியும். உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைக்கத் தெரியாத சாமான்கள் என்பது அவளது கட்சி.

சரீப் அப்படியில்லை. காத்தான்குடியிலிருந்து அதே ஆய்வுகூடத்துக்குத் தற்காலிக வேலைக்கு வந்தவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அதிகம் பேசமாட்டான். அந்த அமைதியே அவளை உறுத்தியது.

வயலுக்கு உரப் பசளை கிடைக்காமல் ஊரே அல்லாடிய வருடம் அது. ஒருநாள் சரீப் இரசாயன அலுமாரியைத் துடைத்துவிட்டுப் போனான். எதையாவது சுருட்டியிருப்பானோ என்று கண்ணகை போத்தல்களைச் சோதிக்கத் தொடங்கினாள். இரசாயன டீச்சர் செய்வதைப் பார்த்த பழக்கத்தில், கம்பி நுனியை விரலால் துடைத்து, பொற்றாசியம் குளோரைட்டில் தொட்டுச் சுடரில் பிடித்தாள். ஊதா வரவேண்டிய இடத்தில் பளிச்சென்று மஞ்சள். மறுபடியும் மஞ்சள். மஞ்சள் என்றால் சோடியம். சோடியம் என்றால் கறியுப்பு!

பொற்றாசியம் உப்பு நெல்லுக்குப் பசளை என்பது அவளுக்குத் தெரியும். சரீப்பின் மச்சானுக்கு வயல் இருப்பதும் தெரியும். வேறென்ன வேண்டும்? அரைப் போத்தல் உப்பு ஒரு வட்டை வயலில் எந்த மூலைக்குக் காணும் என்று அவள் யோசிக்கவேயில்லை. நேரே பள்ளிக்கூட அதிபரிடம் போனாள்.

"சேர், சரீப் பொற்றாசியத்த வயலுக்குக் குடுத்துப்போட்டு, போத்தலுக்குள்ள கறியுப்பக் கொட்டி வெச்சிரிக்கான்."

சரீப்பை நிரந்தரமாக்கச் சொல்லும் சிபாரிசுக் கடிதம் அப்போது அதிபரின் மேசையில்தான் கிடந்தது. கையெழுத்து வைக்கப் போனவர் பேனையை மூடினார். சரீப்பையும் இரசாயனம் படிப்பிக்கும் தக்ஷாயினி டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார்.

டீச்சர் கம்பியை அமிலத்தில் தோய்த்து, நிறமே வராத வரைக்கும் சுட்டார். பிறகு அதே போத்தலில் தொட்டுச் சுடரில் பிடித்தார். இளம் ஊதா.

"நீங்க என்னமோ செய்றீங்க டீச்சர்," என்று கண்ணகை கம்பியை வாங்கி, நுனியை விரலால் வழித்து, தானே பிடித்தாள். மஞ்சள். "பாருங்க சேர்!"

டீச்சர் சுடரைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். "காலையில என்ன வேல செஞ்சீங்க அக்கா?"

"கருவாட்டுக்கு உப்புத் தடவினன்."

சொல்லும்போதே அவள் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.

"சோடியம் ஒரு துளி பட்டாலே காணும். அந்த மஞ்சள் ஊதாவ மூடிப்போடும்," என்றார் டீச்சர்.

அதிபர் சிரித்துவிட்டார். "சரி, கையெழுத்து வெக்கிறன், போங்க," என்று நடந்தார். கண்ணகைக்கு வெட்கத்தில் காது சுட்டது. சரீப் சிரிக்கவில்லை.

விறாந்தையில் அவனை மறித்தாள். "மனசில வெச்சிக்காதீங்க தம்பி. தெரியாமச் சொல்லிப்போட்டன்."

"ஓம் அக்கா." இரண்டு அடி நடந்தவன் திரும்பினான். "டீச்சர் இண்டைக்கு லீவெண்டா, நான் கள்ளன்தானே?"

கோபமாகக் கேட்கவில்லை. பதிலை எதிர்பார்த்து உண்மையாகவே நின்றான். ஓம் என்பதைத் தவிர வேறு பதில் கண்ணகையிடம் இருக்கவில்லை.