கவிழ்த்து வைத்த சிலேட்டு

மட்டாஞ்சேரியில் நான் முதலில் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்புகளே கிடையாது. ஒரு மிளகுக் கிடங்கின் மாடி, நீளமான ஒரே அறை, ஒரு டீச்சர். ஆறு வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பையனும் ஒரே பாயில் உட்காருவோம். கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லாரும் தும்முவோம். தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். கேரளம் என்று ஒரு மாநிலம் வந்த புதிது அது. யாராவது "எத்தனாம் கிளாஸ்?" என்று கேட்டால் எங்களுக்குப் பதில் தெரியாது. "பின்னம் போட்டுண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முழிப்போம்.

காலையில் வந்ததும் அன்று என்ன படிக்கப் போகிறோம் என்பதை அவரவர் சொல்ல வேண்டும். டீச்சர் தலையாட்டுவார். தலையாட்டுவதற்கு ஒரு டீச்சரா என்று அப்பா கிண்டல் செய்வார். தெரிந்ததைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. கணக்கில் மாட்டிக்கொண்டால் டீச்சரிடம் ஓடக் கூடாது. சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதைப் பார்க்கிறவர்களில் தெரிந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார். அனுமதி கேட்க வேண்டாம், வயது பார்க்க வேண்டாம். வழியைக் காட்டலாம், விடையை மட்டும் சொல்லக் கூடாது.

என் அக்கா அங்கே வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிரசவம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். எழுத்துக்கூட்டவும் தெரியாது. என்னைவிடச் சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து 'அ' எழுதினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. கணக்கில் மட்டும் அவள் புலி. ஒரு பிடிச் சோற்றைத் தம்பி தங்கைகளுக்குப் பங்கு வைத்துப் பழகியவள் ஆயிற்றே. அவளைவிடப் பெரிய பையன்கள் வகுத்தலுக்குச் சிலேட்டைக் கவிழ்த்துவிட்டு அவளைத்தான் பார்ப்பார்கள். சீக்கிரமே சரளமாக வாசிக்கவும் தொடங்கினாள். ஒருநாள் காலை, அன்று என்ன படிக்கிறாள் என்று சொல்லாமல், "நான் டீச்சராகப் போறேன்" என்றாள். டீச்சர் அதற்கும் தலையாட்டினார்.

மாடியை இலவசமாகக் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோனார். அவருடைய பிள்ளைகளுக்குச் சுக்கு மூட்டை அடுக்க இடம் போதவில்லை. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அப்பா எங்கள் இருவரையும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். எந்த வகுப்பில் போடுவது என்று பார்க்க ஒரு பரீட்சை. அக்கா விஷயத்தில் அவர் முன்னமே கறாராகச் சொல்லிவிட்டார். "எடம் கெடைச்சா படி. இல்லைன்னா ஆத்தோட இரு. ஒன்னை இழுத்துண்டு படி படியா ஏற எனக்காகாது."

பெஞ்சுகளில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். அக்கா தன் கணக்குகளை மளமளவென்று முடித்துவிட்டாள். இரண்டு பெஞ்சு தள்ளி என் வயதுப் பெண் ஒருத்தி, முன்பின் பார்த்திராதவள், விசும்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய சிலேட்டில் ஒன்றும் இல்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா எழுந்தாள். இயல்பாக, தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளைப் போல நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கரையாதே, அழாதே. ஆறு பேருக்குப் பங்கு வெய், பாக்கலாம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை.

தலைமையாசிரியருக்குத் தோன்றியது. "கோப்பியடியா?" என்று கத்திக்கொண்டு வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். "காப்பியில்ல சார், சிலேட்டு கவுந்து கெடந்தது" என்றாள் அக்கா. அவளுடைய சிலேட்டில் எல்லா விடையும் சரியாக இருந்தது. அந்த மனுஷன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே நின்ற அப்பாவிடம், இவ்வளவு வளர்ந்த பெண்ணுக்கு ஒழுக்கம் இல்லை, இங்கே சரிப்படாது என்றார். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவரை நான் அதற்காக மன்னிக்கவே இல்லை.

எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும் கிடைத்தது. என் பெஞ்சிலேயே அவளை உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவள் என்னிடம், உன் சேச்சி ஏன் வரவில்லை, அவள் காட்டிய மாதிரிதான் இப்போதும் போடுகிறேன் என்றாள்.

அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்து ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மீதி வர கணக்கும் அவளுக்கு வரதா?" என்று கேட்டாள்.

"வரது."

"அப்போ சரி" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு வழியும் இல்லை.